மலிவான கார்பைன் எது? மலையடிவாரத்திலிருந்து ஒரு விடை

துப்பாக்கி வீடியோக்களைப் பார்த்துப் பழகிய இளைஞர்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இருக்கிறார்கள். குறிபார்த்துச் சுட்டுப் பழக, கையைக் கடிக்காத விலையில் 9 மி.மீ. கார்பைன் எது நல்லது என்பது அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று. கேள்வி அமெரிக்காவில் பிறந்தது. அங்கே அதற்கு ஒழுங்கான விடை உண்டு. இங்கே அது நடக்காது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் கேள்விக்குள் இருக்கும் ஆசை நியாயமானது. குறைந்த செலவில் நிறையச் சுட வேண்டும், தோள் வலிக்கக் கூடாது, பெரிய மைதானம் இல்லாமல் பழக வேண்டும். இந்த மூன்றையும் நம் சட்டத்துக்கு உட்பட்டு, இந்த இரண்டு ஊர்களில் எது தரும் என்பதுதான் பார்க்க வேண்டியது.

கைத்துப்பாக்கிக்காகச் செய்த தோட்டாவை, நீளக் குழலும் தோள்கட்டையும் உள்ள துப்பாக்கியில் போட்டுச் சுடுவதுதான் இந்தக் கார்பைன். யோசனை பழையது. 1873ஆம் ஆண்டு மாடல் வின்செஸ்டரின் .44-40 தோட்டாவுக்கே கோல்ட் நிறுவனம் பிறகு ரிவால்வரும் செய்தது. இடுப்புப் பட்டையில் ஒரே வகைத் தோட்டா இருந்தால் போதும், இரண்டுக்கும் ஆயிற்று. இன்று அந்த இடத்தில் இருப்பது, ஜெர்மனியின் ஜார்ஜ் லூகர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய 9×19 தோட்டா. பெரிய ரைஃபிள் தோட்டாவைப் போல அழுத்தம் மிகுந்ததல்ல என்பதால் குழலின் பின்வாயைப் பூட்டி வைக்கும் சிக்கலான அமைப்பு இதற்கு வேண்டாம். கனமான ஒரு போல்ட், பின்னால் ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். மலிவின் ரகசியம் இந்த எளிமையில்தான் இருக்கிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு: அந்தக் கனமான இரும்பு முன்னும் பின்னும் ஓடி மோதுவதால், சிறிய தோட்டாவுக்கு எதிர்பார்ப்பதைவிட அதிக உதை தோளுக்கு வரும்.

அமெரிக்கச் சந்தையில் விலைக்காகப் பேசப்படுபவை சிலதான். ஹை-பாயிண்ட் 995 எல்லாவற்றிலும் மலிவு; துத்தநாகக் கலவையில் வார்த்த பாகங்கள், மொத்தையான தோற்றம், ஆனால் சுடும். கெல்-டெக் சப்-2000 நடுவில் மடிந்து பைக்குள் போகும். எடை குறைவு, கன்னத்தை வைக்கும் இடம் வசதிக் குறைவு. ருகர் பி.சி. கார்பைன் இரண்டாகக் கழலும். உள்ளே ஒரு பாகத்தை மாற்றினால் கிளாக் கைத்துப்பாக்கியின் மேகசின் அதில் பொருந்தும். பெரெட்டா சி.எக்ஸ்.4 பார்க்க அழகு, விலையும் அழகுக்கேற்ப. காகித இலக்கில் வாரந்தோறும் சுடப் போகிறவருக்கு ருகர்தான் என்று நான் சொல்வேன்: எடை கூடுதல்தான், ஆனால் குறிசுடுதலில் எடை நண்பன். அங்கே இந்த வகை பெருகியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கைத்துப்பாக்கிக்கு மட்டும் அனுமதியுள்ள உள்ளரங்குகளிலும் பெரும்பாலும் இதைச் சுடலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின் முதல் அட்டவணை துப்பாக்கிகளை வகைபிரிக்கிறது. அதில் தடைசெய்யப்பட்ட வகைகளில் ஒன்று இப்படிப் போகிறது: .380, .455 தோட்டாக்களையோ, படைகள் பயன்படுத்தும் 9 மி.மீ., .45 தோட்டாக்களையோ போட்டுச் சுடக்கூடிய பிஸ்டல், ரிவால்வர், கார்பைன். பொதுவாக ஏதோ சொல்லி, பிறகு நீதிமன்றம் பொருள்கொள்ளட்டும் என்று விடவில்லை. கார்பைன் என்று பெயர் சொல்லியே தடுத்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய பிரிவு, ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்களையும் தடை வகையில் வைக்கிறது. ஆகவே 9 மி.மீ.யை விட்டுவிட்டு அதே பாணியில் .22 ஒன்று வாங்கலாமே என்ற குறுக்குவழியும் அடைபடுகிறது. தடை வகைத் துப்பாக்கிக்கு மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். அனுமதியின்றி வைத்திருந்தால், 2019இல் திருத்தப்பட்ட சட்டப்படி 7 முதல் 14 ஆண்டு வரை சிறை.

இந்தப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் அர்த்தமில்லாத எண்களின் குவியல். சற்று நிதானித்தால் வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆயுதக் கிடங்கு கண்ணில் தெரியும். அதே பிரிவில் வரும் .303 படைகளின் லீ-என்ஃபீல்டு; .410 காவலர்கள் தூக்கிய மஸ்கெட்; .380, .455 அதிகாரிகளின் வெப்லி ரிவால்வர்கள்; 9 மி.மீ. பிற்காலத்து ஸ்டெர்லிங் கார்பைன், கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் நம்மவர்களே செய்து நாடெங்கும் காவலர் தோளில் தொங்கியது. அரசுக் கிடங்கிலிருந்து திருடிய தோட்டா எந்தத் தனியார் துப்பாக்கியிலும் பொருந்தக் கூடாது என்பதே இந்தத் தடையின் தர்க்கம். பாளையக்காரர் போர் முடிந்த 1801இல் தென்பாண்டிச் சீமையில் ஆயுதங்களைப் பறித்த கும்பினியின் பயமும், 1878இல் லிட்டன் காலத்தில் வந்த ஆயுதச் சட்டத்தின் பயமும் சுதந்திர இந்தியாவின் அட்டவணைக்குள் அப்படியே குடிபெயர்ந்திருக்கின்றன. தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11ஆவது அணி இராஜபாளையத்தில் இருக்கிறது. 9 மி.மீ. கார்பைனை இந்த ஊர்க்காரர் கண்ணால் பார்த்திருந்தால் பெரும்பாலும் காவலர் கையில்தான் பார்த்திருப்பார். இனியும் அங்கேதான் பார்ப்பார்.

இந்தத் தடைதான் இந்தியாவின் தனியார் துப்பாக்கிச் சந்தைக்கு வடிவம் கொடுத்தது. .303 கூடாது என்பதால்தான் இஷாப்பூர் தொழிற்சாலை .315 என்ற தோட்டாவைப் பிடித்துக்கொண்டது. படைத் தோட்டா கூடாது என்பதால்தான் கான்பூரிலிருந்து .32 ரிவால்வர் வருகிறது. உரிமம் பெற்றவர் வாங்கக்கூடியவை பெரும்பாலும் இவை, இவற்றோடு .30-06 ரைஃபிளும் 12 போர் துப்பாக்கியும். வெளிநாட்டிலிருந்து தனிநபர் இறக்குமதி பல பத்தாண்டுகளாகவே அடைபட்டுக் கிடக்கிறது. தகுதிபெற்ற விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் ஒரு சிறிய வாசல் திறந்திருக்கிறது.

இவற்றில் எது கார்பைனின் இடத்தை நிரப்பும்? .315 நிரப்பாது. உதை பெரிது, தோட்டா விலை பெரிது, சுட நூறு மீட்டராவது நீளமான, பின்னால் மண்மேடு உள்ள தளம் வேண்டும். .32 ரிவால்வர் தற்காப்புக்கென்று வாங்குவது. குட்டைக் குழலும் கடினமான விசையும் கொண்ட அதை வைத்துக் குறிசுடக் கற்பது தன்னையே தண்டித்துக்கொள்வது. 12 போர் என்றால் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் விளையாட்டு. அதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பெயர் உண்டு, புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போனார். ஆனால் அதற்கான தளமும் தட்டு எறியும் எந்திரமும் நம் பக்கத்துச் செலவல்ல.

மிஞ்சுவது .22. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. குப்புறப் படுத்து, ஐந்து தோட்டா சுட்டு, ஓடிப்போய் அட்டையில் குரூப் எவ்வளவு என்று பார்த்த அந்த போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்தான் இது. கார்பைன்காரர்கள் தேடும் மூன்றும் இதில் இருக்கின்றன. உதை கிட்டத்தட்ட இல்லை, துல்லியமோ 9 மி.மீ. கார்பைன் கனவிலும் காணாதது. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் இதில்தான். 2024இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கியதும் இதில்தான்.

சிக்கல் துப்பாக்கியில் இல்லை, அதைச் சுற்றியுள்ள தாள்களில் இருக்கிறது. உரிமம் கேட்க 21 வயது, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, காவல்துறை விசாரணை, கலெக்டர் அலுவலகத்தில் காத்திருப்பு. உரிமப் புத்தகத்தில் ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும். இருநூறு என்று வைத்துக்கொள்வோம். ஒரு போட்டிக்கு 60 சுடுகள். மூன்று போட்டி அளவுக்குச் சுட்டுவிட்டால் மிச்சம் 20, பயிற்சிக்கு ஒன்றுமில்லை. அங்கீகாரம் பெற்ற விளையாட்டு வீரர்களுக்கு வரம்பு மிகத் தாராளம்தான், ஆனால் அந்த அங்கீகாரத்தைப் பெறவே முதலில் ஆயிரக்கணக்கில் சுட்டிருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கும் ஒரே கை ரைஃபிள் கிளப். துப்பாக்கியும் தோட்டாவும் கிளப்பின் பேரில். உறுப்பினர் தளத்தில் சுட்டுவிட்டுக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். 12 வயதிலிருந்தே மேற்பார்வையில் பயிற்சி பெறவும் விதிகளில் இடமுண்டு. மாவட்ட கிளப், மாநிலச் சங்கம், அதற்கு மேல் 1951இல் மவ்லங்கர் முன்னின்று தொடங்கிய தேசிய ரைஃபிள் சங்கம் என்று படிகள் போகின்றன. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை எழுபது கிலோமீட்டருக்கு மேல். வாரம் இருமுறை போய்வரும் பஸ் கட்டணத்தையும் தொலையும் பொழுதையும் கணக்கில் சேர்க்காமல் .22 மலிவு என்று சொல்பவர் மதுரையிலேயே குடியிருப்பவராக இருக்க வேண்டும்.

நம் இரண்டு ஊர்களுக்கும் இன்னொரு முட்டுக்கட்டை உண்டு. இதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. மேற்கே நிற்கும் மலையில் 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயம் வந்தது. 2021இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாயிற்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவு சொல்கிறது: சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் குடியிருந்து ஆயுதம் வைத்திருப்பவர்கள் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும், அந்தச் சுற்றளவுக்குள் அவருடைய முன் இசைவின்றிப் புதிய ஆயுத உரிமம் கொடுக்கக் கூடாது. அந்த மலையடியிலுள்ள செண்பகத்தோப்புக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சைக்கிளிலேயே போகலாம். அய்யனார் கோவில் அருவிக்கு இராஜபாளையத்திலிருந்து ஆட்டோ பிடிக்கிறார்கள். அந்தப் பத்து கிலோமீட்டர் வட்டம் இரண்டு ஊர்களின் தெருக்களுக்குள் வந்து விழுகிறது. அதாவது சென்னைக்காரருக்கு ஓர் அலுவலகம் என்றால் இங்குள்ளவருக்கு இரண்டு. வேட்டை நாய்க்கு உலகப் பெயர் வாங்கிய ஊரில், வேட்டையின் காலம் முடிந்த பிறகு காடு தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது என்று இதை எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இந்தப் பிரிவின் மேல் கோபம் இல்லை. மலையடிவாரத்தில் நாட்டுத் துப்பாக்கியோடு பிடிபட்டவர்கள் பற்றிய செய்திகளைப் படிக்கிறவர் எவருக்கும் அது ஏன் இருக்கிறது என்று தெரியும்.

ஆக, கார்பைன் சட்டத்தில் விழுந்தது, .315 தோளில் விழுந்தது, .22 பஸ்ஸிலும் பத்து கிலோமீட்டர் வட்டத்திலும் விழுந்தது. மிஞ்சி நிற்பது ஏர் ரைஃபிள். இதை ஏமாற்றத்தோடு கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இந்தியா துப்பாக்கி சுடுதலில் இதுவரை வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் 7. ராத்தோரின் வெள்ளி டபுள் டிராப்பில். விஜய்குமாரின் வெள்ளியும் குசாலேயின் வெண்கலமும் .22இல், பாக்கி நான்கும் காற்றுத் துப்பாக்கியில். 2008இல் பிந்த்ராவின் தங்கம், 2012இல் சென்னையில் பிறந்த ககன் நரங்கின் வெண்கலம், 2024இல் மனு பாக்கர் தனியாகவும் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்தும் வாங்கிய இரண்டு. கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் உலகத் தரவரிசையில் முதலிடம் வரை போனதும் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். ஒலிம்பிக் பட்டியலில் கார்பைனுக்கு இடமே இல்லை.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ.க்கு மேற்படாத குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம்; கடையில் அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுக்க வேண்டும். இதில் ஏமாறுகிற இடம் இரண்டு. ஒன்று, 5.5 மி.மீ. குழல். பெல்லட் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்து அதைக் கேட்பவர், தெரியாமலேயே உரிமம் தேவைப்படும் வகைக்குள் நுழைகிறார். இன்னொன்று, பெட்டியின் மேல் அச்சடித்த வேகம். நொடிக்கு 1000 அடி என்று போட்டிருக்கும். அரை கிராம் எடையுள்ள சாதாரண ஈயப் பெல்லட்டை அந்த வேகத்தில் தள்ளினால் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டிவிடும். வரம்புக்குள் நிற்க வேண்டுமானால் நொடிக்கு ஏறத்தாழ 925 அடிதான் உச்சம். ஆகவே அந்த ஆயிரம் பெரும்பாலும் இலேசான உலோகக்கலவைப் பெல்லட்டை வைத்து அளந்ததாக இருக்கும். குறிசுடுபவருக்கு இந்த வேகமே வேண்டாம். பல லட்சம் மதிப்புள்ள ஃபைன்வெர்க்பாவ், வால்தர் போட்டி ரைஃபிள்கள் ஏழெட்டு ஜூலில் அமைதியாகச் சுடுகின்றன. 10 மீட்டரில் அவை தேடும் பத்தாம் வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர்.

நம் சந்தையில் இருப்பவற்றை ஆற்றல் தரும் முறையை வைத்துப் பிரிப்பதே சரி. குழலை மடித்து ஸ்பிரிங்கை இறுக்கும் துப்பாக்கிகள்தான் எண்ணிக்கையில் அதிகம், விலையிலும் கீழே. பத்தாயிரத்துச் சொச்சத்தில் நல்லது கிடைக்கும். ஒரு காலத்தில் சிமெண்ட் குழாய் செய்த இந்தியன் ஹியூம் பைப் நிறுவனமே ஏர் ரைஃபிளும் செய்தது. அந்தப் பழைய ஐ.எச்.பி. துப்பாக்கிகள் இன்றும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. கிடைத்தால் வாசர் மாற்றி எண்ணெயிட்டு எடுக்கலாம், உடல் உறுதியானது. இன்றைய தயாரிப்புகளில் மகாராஷ்டிரத்தின் பிரிசிஹோல் தனியாகக் குறிப்பிடத் தக்கது. ஆழ்துளை போடும் எந்திரங்கள் செய்யும் குடும்பத்திலிருந்து வந்த நிறுவனம் என்பதால் குழல் நேர்த்தியாக இருக்கிறது. ஏர் ரைஃபிளில் காசு கொடுக்க வேண்டிய முதல் பாகம் குழல்தான்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் ஒரு கெட்ட குணம் உண்டு. பெல்லட் குழலைவிட்டு வெளியேறும் முன்பே உள்ளே பிஸ்டன் முன்னே பாய்ந்து மோதி, துப்பாக்கி பின்னும் முன்னுமாக இருமுறை குலுங்கும். இறுக்கிப் பிடித்தால் அந்தக் குலுக்கல் பெல்லட்டைச் சிதறடிக்கும்; கைக்குழந்தையை ஏந்துவது போலத் தளர்வாக ஏந்தி, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் ஏந்தினால்தான் குறி ஒரே இடத்தில் விழும். இது குறை என்பார்கள். தொடக்கக்காரருக்கு இது ஆசிரியர் என்பது என் கட்சி. சுட்ட பிறகும் அசையாமல் நிற்கும் பழக்கத்தை இதைப் போலக் கற்றுக்கொடுப்பது வேறில்லை.

அழுத்திய காற்றை உருளையில் அடைத்துவைக்கும் பி.சி.பி. வகையில் குலுக்கல் இல்லை. உள்ளூர்த் தயாரிப்பே ஸ்பிரிங் துப்பாக்கியைப் போல மூன்று நான்கு மடங்கு வரலாம். கூடவே 200 பார் வரை ஏற்றும் கைப்பம்பு ஒன்று. ஜூன் மாத வெயிலில் அந்தப் பம்பை அடித்துப் பார்த்தவர் அதை உடற்பயிற்சிக் கணக்கில்தான் எழுதுவார். கார்பன் டை ஆக்சைடு குப்பி போடும் துப்பாக்கி விளையாட்டுச் சாமான்; ஒவ்வொரு குப்பிக்கும் காசு, வெயிலுக்கும் நிழலுக்கும் வேகம் மாறும். கிளப்புகளில் கைமாறும் பழைய ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் ஒன்று கிடைத்தால் மேற்சொன்ன எதையும் பாராமல் அதை எடுக்கலாம்: ஸ்பிரிங்தான், ஆனால் உள்ளமைப்பே தண்டவாளத்தில் பின்னுக்கு நகர்வதால் குலுக்கல் தோளுக்கு வராது.

தொலைநோக்கியில் காசு போட வேண்டாம். தேசிய விதிப்படி நடக்கும் போட்டிகளில் திறந்த குறிமுனைக்கும், துளைவழிப் பார்க்கும் பீப் சைட்டுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு. முதல் பிரிவுக்கு உள்ளூர் ஸ்பிரிங் துப்பாக்கியே போதும். பெல்லட்டில் கஞ்சத்தனம் கூடாது. தட்டை முனை உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். அதுதான் அட்டையில் வட்டமாகத் துளை போடும். ஐந்நூறு பெல்லட் உள்ள டின் சில நூறு ரூபாயிலிருந்து தொடங்குகிறது. ஒரு சுடுக்கு ஒன்றிரண்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 9 மி.மீ. தோட்டா எந்த நாட்டிலும் இந்த விலைக்குக் கிடைக்காது.

இடம்? ஸ்ரீவில்லிபுத்தூர் பழைய அக்கிரகார வீடுகளில் ரேழியிலிருந்து கொல்லை வரை பத்து மீட்டர் தாராளமாக நீளும். இராஜபாளையத்தில் மில் கிடங்குகளும் மொட்டைமாடிகளும் உண்டு. குறுக்கே கதவு எதுவும் திறக்கக் கூடாது, பின்சுவருக்கு முன்னால் சாய்ந்த இரும்புத் தகடு வைத்த பெட்டி வேண்டும், ஈயத்தைத் தொட்ட கையோடு பால்கோவாவைத் தொடக் கூடாது. பால்ரஸ் குண்டு போடுவது அறவே கூடாது: உருக்கு உருண்டை தகட்டில் பட்டு அதே வேகத்தில் திரும்பி வரும், குழலின் மரையையும் தேய்க்கும். உரிமம் இல்லாத துப்பாக்கி என்பதால் தேர்தல் தோறும் ஸ்டேஷனில் ஒப்படைக்கும் அலைச்சலும் இல்லை.

ஆனால் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு செண்பகத்தோப்புப் பக்கம் போனால் கதை வேறு. முன் அனுமதியின்றி எந்த ஆயுதத்தோடும் சரணாலயத்துக்குள் நுழைவது வனவிலங்குச் சட்டத்தின் 31ஆவது பிரிவின்படிக் குற்றம். தகர டப்பாவைச் சுடத்தான் வந்தேன் என்பது வனத்துறையிடம் எடுபடாது. 34ஆவது பிரிவிலும் ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்று ஆயுதம் வைத்திருப்பவர்களும் பதிவு செய்ய வேண்டும் என்ற சொற்கள் இருக்கின்றன. அவை வீட்டு ஏர் ரைஃபிளையும் குறிக்கும் என்று வாசிக்க இடமுண்டு என்பதால், வட்டத்துக்குள் குடியிருப்பவர் வனச்சரக அலுவலகத்தில் ஒரு முறை விசாரித்து எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. வயலில் மேயும் மயில் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பறவை. காட்டுப்பன்றித் தொல்லைக்கும் விடை வனத்துறையிடம்தான், 4.5 மி.மீ. பெல்லட்டில் இல்லை; அது பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும்.

கையில் இருபதாயிரம் ரூபாய் இருக்கிறது என்று கேட்பவருக்கு என் வரிசை இதுதான்: 4.5 மி.மீ. ஸ்பிரிங் ரைஃபிள், தட்டை முனைப் பெல்லட் நாலைந்து டின், அட்டைகள், தகட்டுப் பெட்டி. மிச்சத்தில் பீப் சைட் வாங்கலாம். அல்லது மாதம் ஒரு முறை மதுரைக்குப் போய்வரும் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். நிற்கும் நிலையில் முழங்கை எங்கே ஊன்ற வேண்டும் என்பதை ஒரு பயிற்சியாளர் ஐந்து நிமிடத்தில் திருத்திவிடுவார். வீடியோ பார்த்து அது வராது.